அம்மாவுக்குப் பதில் நான் சொன்னது

"நீ சொன்னபடிதானே அம்மா மருந்து பூசுனாங்க? அப்பறம் ஏன்டி இன்னும் சொறியுறாங்க? உனக்கு நெசமாவே வெளங்குச்சா, இல்ல படிச்சவன்னு சும்மா தலையாட்டிட்டு வந்தியா?"

ஷா ஆலமிலிருந்து அக்கா போனில் கேட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பத்தியம் பார்க்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் அம்மா போயிருக்க வேண்டும். போகவில்லை. அம்மாவுக்குச் சிரங்கு. கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலையில் ஒட்டிக்கொண்டது. அது போகும்வரை பேரனைத் தொடக்கூடாது. அக்காவின் மாமியாரிடம் சளி, காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான்தான். வங்கிக் கடிதமோ தண்ணீர் பில் தகராறோ, எதுவானாலும் நான்தான் பேசுவேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அரசாங்கக் கிளினிக்கிலும் நான்தான் பேசினேன், ஆங்கிலத்தில். டாக்டர் மலாய்ப் பெண். அம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. பாசார் சந்தையில் மீன்காரரிடம் விலை பேசி ஜெயித்துவிட்டு வருபவர். இருந்தும் நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். சிரங்கு வந்த வீடு என்றாலும் எப்படிப்பட்ட வீடு என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள் எல்லாம் பூச வேண்டும். ராத்திரி முழுக்க இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். கூடப் படுப்பவர்கள் யாராக இருந்தாலும், அரிக்காவிட்டாலும், அதே நாளில் பூச வேண்டும். "வீட்டில் வேறு யார்?" என்று கேட்டார்.

"தனியாகத்தான் இருக்கிறார்" என்றேன்.

பொய் இல்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறேன். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், ஞாயிறு வரை அம்மாவின் மெத்தையில், அம்மாவின் போர்வைக்குள்தான் படுப்பேன். அந்தக் கேள்வி என்னைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிரங்கு என்பது வேறு மாதிரி ஆட்களுக்கு வருவது. என் மனதில் அம்மாவும் அந்த வேறு மாதிரி ஆட்களில் ஒருவராக இருந்திருக்கிறார். அதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன்.

மருந்து இரண்டு தடவை பூசியும் அம்மாவின் மணிக்கட்டில் புதிதாகப் பொடிப்பொடியாகக் கிளம்பியது. அக்காவின் போன் அப்போதுதான் வந்தது.

மறுபடியும் கிளினிக். பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கலாம், ஆனால் இவை புதியவை என்றார் டாக்டர். நான் முந்திக்கொண்டு, மருந்து பூசிய பிறகு அம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாமி விளக்கேற்றுகிறார் என்று புகார் சொன்னேன். மருந்துக் கையால் திரியைத் தொட அம்மாவுக்கு மனம் வராது. கழுவினால் கையில் மட்டும் திரும்பப் பூசினால் போதுமே, போன தடவையே சொன்னேனே என்றார் டாக்டர். சொல்லியிருந்தார். நான்தான் அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது என் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் சொறிந்துகொண்டிருந்தேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒனக்கும் இருக்கு."

"கொசும்மா."

"விரலுக்கு நடுவுலயுமா கொசு குடும்பம் நடத்துது?"

"தெரிஞ்சிருந்தா டாக்டர்கிட்ட சொல்லிருக்கலாம்ல?" எரிச்சலாகக் கேட்டேன்.

"மலாய்ல பேசிருந்தா நானே சொல்லிருப்பேன். மக வந்து பக்கத்துல படுப்பான்னு. நீ இங்கிலீஷ்ல என்னா பேசுனியோ, எனக்கென்ன தெரியும்?" என்றார் அம்மா. பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே, "புள்ள நல்லா பேசுதுன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பஸ் வந்தது. வழி முழுக்க என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேரனைத் தூக்க விடாமல் அம்மாவை இத்தனை வாரம் தள்ளி வைத்தேன். நான் போய்ப் போய் அவர் மெத்தையில் படுத்திருக்கிறேன்.

அறைத் தோழியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது சொன்னேன், பதில் பேச முடியாதே என்று. நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினாள்: "அடிப்பாவி! நானும் அரிக்குது, பெட் சரியில்லன்னு ஹவுஸ் ஓனர்கூட சண்ட போட்டுட்டு இருக்கேன் லா!"

மறுநாள் மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். அம்மா மலாயில் பேசினார். டாக்டர் ஏதோ சொல்ல அம்மா சிரித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே மூவரும் பூசிக்கொண்டோம், தோழி பிரிக்ஃபீல்ட்ஸில், நாங்கள் கிள்ளானில். துணிகளைக் கொதிநீரில் போட்டோம். அம்மா கை கழுவி விளக்கேற்றிவிட்டு வந்து இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார். விரல் விரலாகத் திரும்பப் பூசினேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டேன். "மருந்து வேல செய்யாததுக்கு அம்மா காரணமில்ல. நான்தான். எனக்கும் இருக்கு" என்றேன். "போனை ஒன் மாமியார்கிட்ட குடு, சளி காய்ச்சல் இல்லன்னு நானே சொல்றேன்" என்றேன். அவர் லைனுக்கு வந்ததும், அம்மாவுக்கும் எனக்கும் சிரங்கு என்று தமிழிலேயே சொன்னேன்.