தம்யீஸ் பாக்கரும் சல்மாவின் ஆடும்

பாக்கர் பாக்தாத்தில், அந்த நாட்டின் பெரிய நீதிமன்றத்தில், ஏழு வருஷம் நீதிபதிகளுக்குத் தேநீர் கொடுத்தவர். ஐம்பத்தேழாம் வருஷம் தேவிபட்டினத்துக்குத் தெற்கே இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பியபோது, பேச்சில் தேநீரை மட்டும் விட்டுவிட்டார். "தம்யீஸ் கோர்ட்டுல இருந்தேன்" என்பார். அரபியில் அந்தக் கோர்ட்டுக்கு அதுதான் பெயர். கேட்டவர்கள் காதில் அது தமிழ்க் கோர்ட்டு என்று விழுந்தது. அரபு நாட்டில்கூட நம் தமிழுக்குக் கோர்ட்டு கட்டியிருக்கிறார்கள் என்று ஊரே பூரித்துப் போனது. பாக்கர் திருத்தவில்லை. திருத்த அவருக்கென்ன பைத்தியமா?

அந்தப் பெருமையே வினையாக வந்தது. விதவை சல்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு கறவை ஆடு. அந்தப் பாலை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அது காணாமல் போய், அதே ஊர் இருளாண்டி வீட்டில் கட்டிக் கிடந்தது. சிக்கல் ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று இருளாண்டி சாதித்தார். ஊர்ப் பெரியவர்களும் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். சல்மா பாக்கரிடம் ஓடிவந்தாள்.

"காக்கா, நீங்கதான் பெரிய கோர்ட்டு. ஆடு என்னுதா இல்லையான்னு வந்து பாருங்க."

"ஆட்டை நான் பாக்க மாட்டேன். பெரிய கோர்ட்டு சாட்சியெல்லாம் கேக்காது. கீழ சொன்ன தீர்ப்பு முறைதானான்னு மட்டும் பாக்கும். உன்னைய விசாரிச்சாகளா?"

"வாசல்லயே நிக்கவச்சு அனுப்பிட்டாக."

"முறையில்ல! தீர்ப்பு ரத்து!"

வழக்கு பெரியவர்களிடமே திரும்பிப் போனது. தமிழ்க் கோர்ட்டுக்குப் பயந்து அவர்கள் சல்மாவை முறையாக விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு, அதே தீர்ப்பை முறையாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை சல்மாவும், இருளாண்டியும், அவர் மனைவி ராக்குவும் ஆட்டோடு பாக்கர் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். இனி முறையில் குறை சொல்ல வழியில்லை; பாக்கரே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். கடைசித் தீர்ப்பை எப்படி எடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. பாவம், சல்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சான், பேச்சையே காணோம்?" என்றாள் பாக்கரின் மனைவி ஜுனைதா.

"தீர்ப்புப் பேசுறப்ப என்னைய வெளிய அனுப்பிருவாக, ஜுனைதா. நான் தேத்தண்ணி குடுக்குற ஆளு."

முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. பாக்கருக்கு மானம் போயிற்று.

"அப்ப இங்கனயும் வெளிய போங்க" என்றாள் ஜுனைதா. "இருளாண்டி அண்ணே, நீங்களுந்தான்."

கதவு சாத்தப்பட்டது. ஆண்கள் இருவரும் தெருவில், வெயிலில் நின்றார்கள்.

"பெரிய கோர்ட்டுலயும் இப்புடித்தான் நிப்பீகளா, மாமா?"

"அங்கன நிழல் இருக்கும்."

சற்று நேரத்தில் கதவு திறந்தது. சல்மா அழுதபடியும் சிரித்தபடியும் ஆட்டை இழுத்துக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் ராக்கு வந்தாள்.

"ஏ ராக்கு, உள்ள என்னடி சொன்ன?"

"கடக்கரையில மேஞ்ச ஆட்டை நீ பிடிச்சாந்ததச் சொன்னேன்."

"அடிப்பாவி! இத்தன நாளும் வாயத் தொறக்கலையேடி!"

"இன்னைக்குத்தான என்னையக் கேட்டாக" என்றாள் ராக்கு.