வெல்லம் வைத்துப் பிடித்த திருடன்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற நாங்கள், மண் ஈரமாக இருக்கும்போதே பொம்மையைக் கவிழ்த்து அடியில் எங்கள் முத்திரையைக் குத்திவிடுவோம். எவனாவது நம் சரக்கைத் தன் சரக்கென்று விற்றால் திருப்பிக் காட்டிச் சண்டை போடலாம். என் வலைப்பூவுக்கு மட்டும் எது அடி, எங்கே குத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இருபது வருடமாகக் கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை எல்லாம் அந்த வலைப்பூவில் எழுதிவந்தேன். மண் குழைப்பது, அச்சு எடுப்பது, சுடுவதற்கு முன் பொம்மையை முக்கி எடுக்கிற கிளேஸ் கரைசலைக் கலப்பது. கிளேஸ்தான் சூளையில் உருகிக் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். வாசகர்கள் மூன்று வகை. ஒருத்தி என் மனைவி. இன்னொருத்தி பக்கத்து ஷெட்டில் பொம்மை செய்கிற தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவளைவிட உரிமையாகத் திட்டுவாள். மூன்றாவது வகை வெளிநாட்டு ரசிகர்கள். ‘அற்புதமான பதிவு அன்பரே’ என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து நன்றி எழுதினேன். ஒருவரை ஊருக்கே அழைத்துவிட்டேன். ஜங்ஷனில் இறங்கினால் நானே வந்து கூட்டிப்போவதாக வாக்கும் கொடுத்தேன்.

மனைவி போனில் அந்த ரசிகரின் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். முட்டிவலி எண்ணெய்க் கடை திறந்தது.

“இன்னாங்க இது, எண்ணெ விக்கிறவனுக்கு ஜங்ஷன்ல வண்டி நிறுத்துறீங்க? எங்க அப்பா வந்தப்ப ஆட்டோ புடிச்சி வரச் சொன்னீங்களே.”

அன்றைக்கே கருத்துப் பெட்டியின் வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குத் திருகினேன். குப்பைக் கருத்து ஒன்றுகூட உள்ளே வரவில்லை. எந்தக் கருத்துமே வரவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம், சும்மா ஒரு சந்தோஷத்துக்காக என் பதிவின் தலைப்பை நானே தேடினேன். இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாரோ ஒருவனுடையது. எழுத்துக்கு எழுத்து அதே. படமும் அதே. படத்தின் ஓரத்தில் கிளேஸ் ஒட்டிய என் கட்டைவிரல்கூட அப்படியே இருந்தது. என் கட்டைவிரல் இன்னொருவன் பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது!

பிறகு நான் செய்தவற்றை நிதானமுள்ள மனிதன் செய்யமாட்டான். யாரும் நகல் எடுக்க முடியாதபடி பக்கத்தைப் பூட்டினேன். மறுநாள் என் பதிவை நானே நகல் எடுக்க முடியாமல் அரை மணி நேரம் மவுஸைத் திட்டினேன். படங்களின் குறுக்கே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன். பார்த்த மனைவி, “யாருங்க தவறிட்டாங்க? போஸ்டரு பெருசா இருக்குது” என்றாள். திருடன் எதற்கும் அசரவில்லை. பூட்டிய பக்கமும் போஸ்டர் படமும் மறுநாளே அவன் தளத்தில் இருந்தன.

அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. பதிவுக்குள்ளேயே ஒரு முத்திரை குத்தினால் என்ன? விஷயம் தெரியாதவன் மட்டும் அப்படியே அள்ளிப்போகிற மாதிரி ஒரு பொய். ‘கிளேஸ் கலக்கும்போது பெண்ணாடம் பக்கத்து வெல்லத்தைக் கரைத்து ஊற்றவும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். குவார்ட்ஸும் சுண்ணாம்பும் கலக்குகிற டிரம்மில் வெல்லத்தைப் போடுகிற மடையன் இந்தத் தொழிலில் இருக்க முடியுமா? எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் திருடனின் தளத்திலும் வெல்லம் வந்துவிட்டது. மாட்டினான்! ஷெட்டுக்குள் ஒரு சுற்று ஆடியே விட்டேன்.

அந்த ஆட்டம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் காலை, ஏதோ ஒரு நல்ல புத்தியில் குப்பைக் கருத்துகள் விழுகிற பெட்டியைத் திறந்தேன். லாட்டரி, தொப்பை குறைப்பு, மீண்டும் முட்டிவலி. நடுவில் ஒரு தமிழ்க் கருத்து. பக்கத்து ஷெட் தங்கச்சி.

‘அண்ணே, வெல்லம் எவ்ளோன்னு போடலியே. ஒரு கிலோ போட்டுட்டேன். போதுமா?’

நேரில் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எதைக் கேட்டாலும் “பதிவுல கேளும்மா” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவைத்தது நான்தான். கருத்து எண்ணிக்கை ஏறுமே!

அவள் டிரம்மில் இருந்தது சாதாரண வேலை இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்கு, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க முந்நூறு குட்டி யானைகள். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் புதன். கெட்டுப்போனால் மறுபடி அச்சில் வார்த்துக் காயவைத்துச் சுட நாள் கிடையாது. தனியாகத் தொழில் தொடங்கி அவள் பிடித்த முதல் பெரிய வேலை அது.

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஷெட்டில் பலகை பலகையாக முந்நூறு யானைகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளையாக இருக்கவேண்டிய யானைகள் நடமாடிக்கொண்டிருந்தன. நெருங்கிப் பார்த்தால், எறும்பு. விருத்தாசலத்து எறும்பு அத்தனையும் அங்கே வந்திருந்தது. தும்பிக்கையில் ஏறி வால் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

“வாங்கண்ணே,” என்றாள் தங்கச்சி, கையில் விளக்குமாறு. “கேள்வி கேட்டு ரெண்டு நாளாவுது, பதிலே காணும். எறும்பு வரும்னு ஒரு வரி எழுதக்கூடாதா?”

“வெல்லம்னு நான் எழுதனது பொய்ம்மா.”

“இன்னாது?”

சொன்னேன். திருடன், கட்டைவிரல், பொறி, எல்லாம். அவள் விளக்குமாற்றைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

“எவனோ ஒருத்தன மாட்ட வச்ச பொறியில எதுக்குண்ணே என் யானைங்கள வுட்டீங்க? இதுக்கு முன்னாடி நீங்க எழுதனதயெல்லாம் நம்பிச் செஞ்சேன், நல்லா வந்துச்சி. அதான் இதையும் நம்பனேன். நாயித்துக்கெழம நான் இன்னாத்த எடுத்துனு போயி அவங்களாண்ட நிக்கிறது?”

கழுவிவிட்டு மறுபடி கிளேஸில் முக்கலாம் என்றேன். அவள் ஒரு யானையை எடுத்து முதுகைத் தேய்த்தாள். காய்ந்த கிளேஸ் வழக்கமாக மாவு மாதிரிக் கையோடு வரும். இது வரவில்லை. நகத்தால் கீறினாள். லேசாகத்தான் கோடு விழுந்தது. வெல்லம் பசைபோல் பிடித்திருந்தது.

“இனிமே கழுவனா காயறதுக்கு நேரமில்ல. கெட்டியா இருக்குது. சுட்டுப் பாத்துடலாம்,” என்றாள். பிறகு என் கையில் ஒரு பிரஷ்ஷைத் திணித்தாள். “எறும்பு நீங்க கூப்புட்ட விருந்தாளி. நீங்களே அனுப்பி வையுங்க.”

மத்தியானம்வரை ஒவ்வொரு யானையாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் நாலைந்துக்கு ஈரப் பிரஷ்ஷைப் போட்டுவிட்டேன். சூளைக் கதவை மூடி அவள் கேஸைத் திறந்தபோது, என் நெற்றியில்தான் முதலில் சூடேறியது.

வெள்ளிக்கிழமை காலை சூளை ஆறியது. கதவைத் திறக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அண்ணே, கண்ணத் தொறங்க. உங்க மூஞ்சி தெரியுது பாருங்க இதுல.”

யானைகள் பளபளவென்று நின்றன. வெல்லம் எரிந்து காற்றோடு போயிருந்தது. கையில் எடுத்து அடுக்கும்போது எதுவும் உதிராமல் இருந்ததால், வழக்கமாக விழுகிற திட்டுகள்கூட இல்லை. ஐந்து யானைகளுக்கு மட்டும் முதுகு சொட்டை. என் ஈரப் பிரஷ் கிளேஸை வழித்திருந்தது. அவள் பத்து யானை கூடுதலாகச் செய்திருந்ததால் கல்யாணம் பிழைத்தது. நான் பிழைக்கவில்லை, சொட்டை யானைகளை எல்லாம் என் ஷெட் வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள்.

வெல்ல வரியை அழிக்க உட்கார்ந்தேன். அவள் விடவில்லை.

“அழிச்சிட்டா எப்புடி? நடந்தத நடந்தபடி எழுதுங்க. எவ்ளோன்னு போடுங்க. பலகைக்குக் கீழ எறும்புப் பொடி தூவணும்னும் போடுங்க. நான் திட்டனதையும் வுட்டுடாதீங்க.”

வடிகட்டியைத் தளர்த்தினேன். இப்போது தினமும் காலையில் அந்தக் குப்பைப் பெட்டியைக் கிளறிப் பார்க்கிறேன். அன்றைக்கே உட்கார்ந்து ஒன்று விடாமல் எழுதினேன்: திருடனைப் பிடிக்கப் பொய் சொன்னேன், ஒரு தங்கச்சியின் முதல் வேலையைக் கெடுக்கப் பார்த்தேன், எறும்பு தட்டினேன், வெட்கப்படுகிறேன்.

மறுநாள் மனைவி போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். திருடன் அந்தப் பதிவையும் சூடு ஆறாமல் எடுத்துப் போட்டிருந்தான். அவன் பெயரில், அவன் போட்டோவுக்குக் கீழே: திருடனைப் பிடிக்கப் பொய் சொன்னேன், எறும்பு தட்டினேன், வெட்கப்படுகிறேன்.

“பாவம்ங்க,” என்றாள். “அந்தாளு வூட்லயும் இதே கூத்துதான் போல.”