அக்கா நடந்து பார்த்த பாடசாலை வழி

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் எனக்குத் தந்தார்கள். வேறு வேலையில்லாதவன் நான் ஒருவனே.

அக்கா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கொழுந்து பறித்த அம்மாவின் உழைப்பில் பதுளையில் படித்து, பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தார். பிறந்த இடம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. அதே ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த நான், உருப்படாததற்கு இடத்தைக் குறைசொல்ல முடியாமல் போனதும் அவரால்தான்.

பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் நெருங்கிய வேளையில், நமுனுகுலப் பக்கத் தோட்டங்களுக்குப் பாடசாலை பஸ் விடுவது பற்றி அவரிடம் அறிக்கை கேட்டார்கள். வீடு வீடாக விசாரித்து எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு தோட்டத்தின் மேல்பிரிவில் எல்லோரும் பாடசாலை "கிட்டத்தாங்க" என்றிருந்ததால், அங்கே பஸ் தேவையில்லை என்று முடிவாயிற்று.

மனம் கேளாமல், ஒரு காலை அக்கா பிள்ளைகளோடு நடந்து பார்க்கப் போனார். பை தூக்க நானும் போனேன். ஒரு மணி நேரமாகியும் பாடசாலைக் கூரை கண்ணில் படவில்லை. நான் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"கிட்டன்னு சொன்னீங்களே?" என்று கூட வந்த தாயொருவரிடம் அக்கா கேட்டார்.

"தூரம்னு சொன்னா வந்தவுங்க மலைச்சுப் போயிருவாங்கள்ல மிஸ்? நீங்களும் லயத்துப் புள்ளதானே, இது தெரியாதா?" என்றவர் என்னைப் பார்த்தார். "சாரு இங்கேயே குடியேறிட்டாரு போல!"

சிறுவயதில் வழி கேட்டவர்களுக்கு அக்காவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அன்றே, தன் அறிக்கை பிழையென்று கடிதம் எழுத உட்கார்ந்தார்.

"நேர்முகம் முடியட்டுமேக்கா" என்றேன்.

"அதுவரைக்கும் புள்ளைங்கள நீ தூக்கிட்டுப் போறியா?"

என் முழங்கால்களை நினைத்து, கடிதத்துக்கு முத்திரை வாங்கி வந்தேன்.

அந்த ஆண்டு பதவி கிடைக்கவில்லை. பஸ் கிடைத்தது. பதவி பிறகு வந்தபோது அக்கா எங்களுக்குக் கேக் வாங்கித் தந்தார். பஸ் வந்த அன்று அழுதார்.

கடைசி மாதங்களிலும் பதுளை வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தினார். வலியைப் பற்றிப் பேசியதைவிட அவர்களின் கையெழுத்தைப் பற்றியே அதிகம் முறையிட்டார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், தினமும் கஞ்சி அனுப்பிய பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று மேல்பிரிவு மக்கள் அந்தப் பஸ்ஸிலேயே நெருக்கியடித்து வந்திறங்கினார்கள். அவர்களுக்கும், விடுமுறை நாளென்றும் பாராமல் ஓட்டிவந்த சாரதிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.