இல்லாத குரலுக்கு "வாரேம்மா" என்ற நாள்கள்

மலேசியாவின் ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் நான். போன ஆண்டு மழை பெய்த ஒரு காலை, எதிரே செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி சறுக்கி எங்கள் மேல் மோதியது. முன்னிருக்கையில் இருந்த பெண் "அண்ணே!" என்று அலறினாள். அவளுக்குக் கை முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பல் துலக்கும்போது, காதருகே அதே குரல்: "அண்ணே!" வாயில் நுரையோடு வெளியே ஓடினேன்.

"வாரேம்மா!"

கூடத்தில் மனைவி மட்டும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எந்த அம்மாவுக்கு 'வாரேம்மா' சொல்றீங்க?"

ஏதோ சொல்லி மழுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழுப்ப முடியவில்லை. தேவாலயத்தில் மறையுரையின் நடுவே குரல் கேட்டு, "என்னம்மா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். பாதிரியார் பேச்சை நிறுத்தினார். முன்வரிசை முழுக்கத் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும், "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று மனைவியிடம் அழுதேன்.

"அதை நீங்க சொல்லாதீங்க, டாக்டர் சொல்லட்டும். நாளைக்கே போலாம்" என்றாள்.

பெரிய அதிர்ச்சிக்குப் பின் சிலருக்கு இப்படி இல்லாத குரல் கேட்பதுண்டு, குணப்படுத்தலாம் என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் விபத்தை என் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். முதல் நாள் சட்டை வியர்வையில் நனைந்துபோனது. நாலாவது தடவைதான் ஒன்று நினைவுக்கு வந்தது: நான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்திருந்தேன். அதனால்தான் லோரி நேராக மோதாமல் பக்கவாட்டில் உரசியது. அதுவரை எல்லாம் என் தப்பு என்றே நினைத்திருந்தேன்.

அந்தத் தைரியத்தில் கை முறிந்த பெண்ணைப் பார்க்கப் போனேன்.

"என்மேல கோவமாம்மா?"

"பின்னே? ரெண்டு மாசமா ஒரு தடவகூட எட்டிப் பாக்கலையே லா!" என்று சிரித்து, கட்டுப் பிரித்த கையாலேயே மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

இப்போது மறுபடியும் வேன் ஓட்டுகிறேன். குரல் அடியோடு போய்விடவில்லை. மழை நாளில் எப்போதாவது வரும். அப்போது பின்னிருக்கைப் பெண்களிடம் கேட்பேன்:

"யாராச்சும் கூப்பிட்டீங்களா?"

"இல்லண்ணே, நீங்க ஓட்டுங்க!" என்று விஷயம் தெரிந்த ஏழு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஓட்டுவேன்.