ஞாயிற்றுக்கிழமைதான் தாசன் வீட்டில் இருப்பார்

ஞாயிறு காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் நானும் றெஜினா அக்காவும் குறிகட்டுவான் பஸ் ஏறினோம். டிக்கெட் நூற்றைம்பது ரூபா. அக்கா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். நெடுந்தீவில் ஒரு நோயாளியைப் பார்க்கத் தன் விடுமுறை நாளில், தன் காசில் போகிறார்; நான் துணைக்கு. ஆஸ்பத்திரி ஆட்கள் ஞாயிறில் நோயாளி வீடு போய்ப் பார்க்க அனுமதி இல்லையாம். நல்ல சட்டம்!

அந்த நோயாளி யேசுதாசனுக்கு மாதம் ஒரு ஊசி. செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு இரண்டு முறை வரவில்லை. உடனே கோப்பில் 'சிகிச்சையை மறுக்கிறார்' என்று எழுதிவிட்டார்கள். நாளைக்குக் கிளினிக் பட்டியலிலிருந்து பெயரை வெட்டப் போகிறார்கள். ஊசி நின்றால், அவரை வார்ட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் குரல்கள் திரும்பவும் கேட்கும்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்காரர் கேட்டார்: "தீவிலை காட்டுக் குதிரை பாக்கவோ அக்கா?"

"இல்லைத் தம்பி, மனிசரைப் பாக்க."

கடலில் ஒரு மணித்தியாலம். வீட்டு வாசலில் தாசனிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார். தேவாலயப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு தாசன் கதிரை இழுத்துப் போட்டார்.

அக்கா கேட்டார்: "ஏன் நீர் கிளினிக்குக்கு வரேல்லை?"

"செவ்வாய் தொழில் நாள், மிஸ். நான் நிண்டால் வள்ளத்திலை வேறை ஆளை ஏத்துவினம். ஞாயிறு மட்டும்தானே நாங்கள் கடலுக்குப் போறேல்லை."

"ஊசி வேண்டாமெண்டு சொன்னனீரோ?"

"ஐயோ, ஆர் சொன்னது? ஊசி வேணும். இப்ப நித்திரையும் குழம்புது. ஏன் வரேல்லையெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வார்ட்டிலிருந்து வந்தவரை வள்ளத்தில் ஏற்ற ஒருவரும் விரும்பாதபோது, வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வீட்டுக்கு மூன்று முறை நடந்து இடம் வாங்கிக் கொடுத்தவர் இந்த அக்காதான். ஆளைத் தேற்றித் தொழிலுக்கு அனுப்பிவிட்டு, தொழிலுக்குப் போனதற்காகப் பெயரை வெட்டுவதா? என்ன அநியாயம் இது!

அக்கா டொக்டரோடு போனில் கதைத்தார். பதினொன்றரைக்குத் தீவு ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டாயிற்று. இரண்டு நிமிட வேலை. இனி மாதாமாதம் ஞாயிறில் இங்கேயே போட டொக்டர் கடிதம் தருவார். அதற்கு அக்கா நேரில் பார்த்த அறிக்கை வேண்டும்.

இரண்டரைப் படகில் மடியில் வைத்தே அறிக்கை எழுதினார். 'மறுக்கவில்லை. கடலுக்குப் போகிறார்.' திகதி போடும் இடத்தில் பேனை நின்றது.

"திங்களெண்டு போடுங்கோவன். ஞாயிறெண்டால் உங்களைத்தானே விசாரிப்பினம்?" என்றேன்.

"விசாரிக்கட்டும். அப்பவாவது ஏனெண்டு கேப்பினம்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை என்று எழுத்திலேயே எழுதினார்.