புரொபேஷன் முடியாத தம்பதிக்குக் கூடுதல் பொறுப்பா?

புரொபேஷன் முடியாத ஊழியருக்குக் கூடுதல் பொறுப்பு தரக்கூடாது. பர்சனல் பிரிவிலேயே இருந்து ரிட்டயர் ஆனவன் நான். இந்த விதியைத் தாண்டிய ஒரு ஃபைலிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கல்யாணம் என்று வந்தால் மட்டும் ஏன் யாரும் இதை மதிப்பதில்லை?

போன மாதம் என் மகள் வித்யா பெட்டியோடு ஹைதராபாத் குஷாய்குடாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அவளுக்குப் பகல் வேலை. மாப்பிள்ளை கார்த்திக்குக்கு அமெரிக்க நேரம். கச்சிபௌலி அபார்ட்மென்ட்டில் இருவரும் சந்திக்கும் ஒரே இடம் லிஃப்ட். அங்கேயும் சண்டை...

மறுநாளே ஹப்சிகுடாவிலிருந்து சம்பந்தியம்மா போன்.

"ஒரு குழந்தை பொறந்துட்டா எல்லாம் சரியாயிடும் சார்."

"பஞ்சாயத்துக்கு ஆள் வேணும்னா பெரியவங்க நாம இருக்கோமேம்மா. பொறக்காத குழந்தைக்கு எதுக்கு இந்த வேலை?"

போனை வைத்துவிட்டார்.

"நமக்குப் பத்தாம் மாசமே வித்யா பொறந்தா. அதனாலதான் நிலைச்சோமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சண்டை போட நேரம் எங்க இருந்தது? அவ கல்யாணம் முடிஞ்சப்புறம்தானே விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சோம்."

உண்மைதான். குழந்தை சண்டையைத் தீர்ப்பதில்லை — ஒத்திவைக்கிறது. சிலருக்கு அந்த ஸ்டே ஆயுளுக்கும் போதும். சிலருக்கு வழக்கில் மூன்றாவதாக ஓர் ஆளும் மாட்டிக்கொள்கிறது.

நான் சும்மா இருப்பேனா? மாப்பிள்ளைக்கு முறைப்படி கடிதம். பொருள்: வித்யா எங்கள் வீட்டில் இருப்பது. பத்தி ஒன்று: ஷிஃப்டை மாற்ற முடியுமா? பத்தி இரண்டு: குழந்தை எப்போது என்பது உங்கள் இருவர் முடிவு; பெற்றோர் நால்வருக்கும் அதில் அதிகாரம் இல்லை.

நகலைப் படித்த வித்யா தலையில் கைவைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு 'எதற்கு', 'வேண்டாம்' எல்லாம் ஹைதராபாத் உருதுவில்தான் வரும். "கைக்குப்பா இதெல்லாம்? நக்கோ, அனுப்பாதீங்க."

"காலையிலயே ஸ்பீட் போஸ்ட் போயாச்சும்மா."

இரண்டு வாரம் பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். வித்யா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஆனால் போஸ்ட்மேன் வண்டிச் சத்தம் கேட்டால், லேப்டாப்பை விட்டு முதலில் எழுபவள் அவள்தான்.

கடைசியில் பதில் தபாலில் வரவில்லை. மாப்பிள்ளையே கையில் கொண்டுவந்தார். 'பார்வை: தங்கள் கடிதமும் நினைவூட்டலும். ஒன்று: ஷிஃப்ட் மாற்றியாயிற்று. இரண்டு: அம்மாவிடம் சொல்லியாயிற்று. மூன்று: வித்யா வந்தால் போதும்.'

"ஒரு போன் பண்ணத் தெரியாதா?" என்றாள் வித்யா.

"உங்கப்பா எழுத்துமூலமா கேட்டிருந்தார்."

வித்யா சிரித்துவிட்டாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

செவ்வாயிலும் வெள்ளியிலும் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பக்கூடாது. இது என் மனைவியின் விதி. இதுவரை தளர்த்தியதே கிடையாது. அன்று வித்யாவின் பெட்டியை டாக்ஸியில் ஏற்றியவள் என் மனைவியேதான்.

பதில் வந்த நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.