விருந்தாளிக்கு எல்சிடி

மதுரையில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டு மானிட்டர்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று சிஆர்டி. பின்பக்கம் புடைத்து நிற்கிற பழைய வகை. நாங்கள் பொட்டி மானிட்டர் என்போம். இன்னொன்று எல்சிடி, அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தது. மெலிசாக, கறுப்பாக, ஒரு பரீட்சை அட்டையை நிறுத்தி வைத்த மாதிரி. அப்பா அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனுஷன் விழுந்துவிட்டார்.

நான் விடுவேனா? மவுஸைப் பிடித்து அம்புக்குறியைக் குறுக்கே வேகமாக இழுத்துக் காட்டினேன். பொட்டி மானிட்டரில் அம்பு அம்பாகவே போனது. எல்சிடியில் அதன் பின்னால் ஒரு வால் இழுத்துக்கொண்டு போனது. "பாருங்கப்பா, பாருங்க" என்று நாலு தரம் இழுத்தேன். கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"ஏட்டி, கடைக்கு வாரவிய பாக்கதுக்கு வாங்குதோமா, நீ சுடுததுக்கு வாங்குதோமா?"

அப்பா கேட்டதிலும் நியாயம் இருந்தது என்று இப்போது சொல்லலாம். அன்றைக்குச் சொல்ல மாட்டேன். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. தீப்பெட்டி லேபிள் வடிவமைத்துக் கொடுப்பார். சேவல், ரோஜாப்பூ, விமானம் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் வரைந்து அச்சுக்கு அனுப்புவார். நான் ஊரிலேயே இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். கடை மூடின பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுவேன். பழைய சரக்குக் கிட்டங்கி மாதிரி ஒரு இடத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேடிச் சுடும் விளையாட்டு. முதலில் பத்துத் தரம் சுட்டவர் ஜெயித்தவர். அதில் அந்த வால்தான் உயிரை வாங்கும். எதிராளி வாசலைத் தாண்டிப் போன பிறகும் வாசலில் அவன் கறை மாதிரி நிற்பான். நாம் கறையைச் சுட்டுக்கொண்டிருப்போம், அவன் பக்கத்திலிருந்து நம்மைச் சுட்டுவிட்டுப் போய்விடுவான்.

இப்போது வருகிற தட்டை மானிட்டர்களில் அதெல்லாம் கிடையாது. இதைச் சொன்னால் இன்றைக்கு ஆடுகிறவர்கள் என்னை ஏதோ பஞ்ச காலத்து ஆள் மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஒன்றிரண்டு வருஷம் இது உலக மகா பிரச்சினை. கேன்டீனில் இதற்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் கிட்டத்தட்டப் பிடித்திருக்கிறேன்.

புதுக் கம்ப்யூட்டரோடு எல்சிடிதான் வந்தது. நான் இரண்டு நாள் அப்பாவுடன் பேசவில்லை. அப்பா அதை வாசலைப் பார்க்க வைத்து, முன்னால் ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டார். தீப்பெட்டி ஆபீஸ்காரர் யார் வந்தாலும் அங்கே உட்கார வைத்து, காபி கொடுத்து, லேபிளைக் காட்டுவார். பழைய கம்ப்யூட்டர் பொட்டி மானிட்டரோடு மூலைக்குப் போனது. தூக்கிப் போட முடியவில்லை, ஏனென்றால் எல்சிடியில் சிவப்பாகத் தெரிந்த சேவல் கொண்டை, அச்சில் செங்கல் நிறத்தில் வந்து அப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதிலிருந்து நிறம் பார்க்க மூலைப் பொட்டி, மரியாதை பண்ண வாசல் எல்சிடி. அப்படியொரு பங்கீடு.

அந்தச் சமயத்தில்தான் கடைசி வருஷத்து அக்கா ஒருத்தி திருநெல்வேலிப் போட்டிக்கு ஜோடி தேடினாள். அங்கே ஒரு காலேஜில் இதே விளையாட்டில் வருஷாவருஷம் நடக்கும். ஒரு அணிக்கு இரண்டு பேர். முந்தின வருஷம் அவளோடு ஆடினவர் படிப்பை முடித்துப் போய்விட்டார். காலியாக இருந்தது ஒரே ஒரு இடம். எனக்கு அது வேண்டும். எப்படி வேண்டும் என்றால், சாப்பிடும்போது வேண்டும், பஸ்ஸில் போகும்போது வேண்டும், வகுப்பில் ஆள் பேர் கூப்பிடும்போது வேண்டும். இரண்டு பெண்கள் போய் அந்தப் பையன்கள் கூட்டத்தை ஒரு கை பார்க்க வேண்டும் என்று நானே கற்பனை பண்ணி நானே சிலிர்த்துக்கொள்வேன்.

ஆனால் இன்னொருவரும் கேட்டிருந்தார். என் வருஷம்தான், வேறு பிரிவு. நாகலாபுரத்துக்காரர், வீட்டில் மானாவாரி விவசாயம். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில், முழுக்கப் பொட்டி மானிட்டர்களில், பழகினவர். அபாரமாக ஆடுவார் என்று பேச்சு. அக்கா ஒரே போடாகப் போட்டாள். இரண்டு பேரும் மோதுங்கள், ஜெயிக்கிறவர் என்னோடு. இரண்டு கம்ப்யூட்டரையும் வயரில் இணைத்து ஆட எங்கள் கடைதான் தோது. ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு.

அது ஐப்பசி மாதம். முந்தின நாள் நல்ல மழை. அவர் வயல் வழியாக நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறார். செருப்புக்கு அடியில் கரிசல் மண் இன்னொரு செருப்பு மாதிரி அப்பியிருந்தது. அதை வெளியிலேயே கழற்றிவிட்டு, காலைக் கழுவிவிட்டு, கையில் ஒரு மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். வீட்டில் விளைந்த கம்பு, அம்மா கொடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் நீட்டினார். முடிந்தது கதை. அப்பாவுக்கு அவர் அப்போதே உறவுக்காரர் ஆகிவிட்டார்.

நான் எந்த மானிட்டர் யாருக்கு என்று சீட்டுப் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். அதற்குள் அப்பா அவர் தோளைப் பிடித்து நேரே சுழல் நாற்காலிக்குக் கொண்டுபோய்விட்டார்.

"தம்பி இங்கன உக்காரட்டும். வந்த புள்ளைய மூலைல, பழசுலயா உக்கார வைக்கது?"

எல்சிடியை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற அவரும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் சார், நான் பழசிலேயே இருக்கிறேன் என்றார். அப்பா விடவில்லை. மதுரையில் நான் இழுத்துக் காட்டின வால் அவருக்கு ஞாபகமே இல்லை. விருந்தாளிக்குத்தான் நல்லது. எங்கள் வீட்டில் அது பைபிளுக்கு அடுத்தபடி. அப்பா என்னையும் ஒரு பார்வை பார்த்தார், முகத்தைத் தூக்காதே என்கிற மாதிரி. நான் எங்கே முகத்தைத் தூக்க? உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்! என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது அதில் ஒன்று.

அக்கா பின்னால் நின்று நோட்டில் கோடு போட்டாள். நான் சுட்டேன், சுட்டேன், சுட்டுக்கொண்டே இருந்தேன். அவர் ஒவ்வொரு தரமும் அரை நொடி பிந்தினார். நான் தாண்டிப் போன வாசலை அவர் சுட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பத்துக்கு நாலு. எழுந்து நின்று கை தட்டினேன், எனக்கு நானே. அவ்வளவு சந்தோஷம். திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. "நல்லா ஆடுதீங்க" என்றார். அவ்வளவுதான். அம்மா கொண்டுவந்த டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு இரண்டு கண்களையும் கசக்கினார். ஒரு கண்ணை மூடி மானிட்டரைப் பார்த்தார். அப்புறம் மறு கண்ணை. பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, இங்கன நல்ல கண் டாக்டர் யாரு இருக்காவ?"

ஏன் என்று கேட்டாள். ஓடுகிற ஆளுக்குப் பின்னால் நிழல் மாதிரி இன்னொரு ஆள் தெரிகிறான், இதுவரைக்கும் இப்படித் தெரிந்ததில்லை என்றார். தை மாதம் விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள், இரண்டு வருஷமாக அதற்காகத் தினம் காலையில் ஓடுகிறார், கண் சரியில்லை என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் கீழே போய்விட்டது. டீயைத் தொடவே இல்லை. விளையாட்டில் தோற்றது அவருக்கு ஞாபகம்கூட இருந்த மாதிரி தெரியவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் ஜெயித்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் இங்கேயிருந்து நாகலாபுரம் போகிற வரைக்கும் ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துக்கொண்டு போவார். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன், கிட்டத்தட்ட அவரைத் திட்டுகிற மாதிரி.

"ஒங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. அந்த மானிட்டர் அப்படித்தான் காட்டும். எனக்கு மொதல்லயே தெரியும்."

அக்கா நோட்டை மூடினாள். ஆனால் என்னை அடித்தது அப்பாவின் முகம்தான். அவர் மரியாதை என்று நினைத்து உட்கார வைத்த நாற்காலியில், நான் அந்தப் பையனை மாட்டிவிட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டேயா சும்மா இருந்தாய் என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நேரே மூலைக்குப் போனார். சர்ச்சுக்குக் கொண்டுபோன வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பொட்டி மானிட்டரின் தூசியைத் துடைத்தார். கைக்குட்டை கரியாகிவிட்டது. நாகலாபுரத்துக்காரரைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்தார். எனக்குச் சுழல் நாற்காலியைக் கைகாட்டினார்.

இரண்டாவது ஆட்டம் எப்படி நடந்தது என்று கேட்டால் இப்போதும் எனக்கு மூச்சு வாங்கும். அடேயப்பா, என்ன ஆட்டம்! அந்த மனுஷன் காற்றாகப் பறந்தார். நான் கறைகளை நம்பக் கூடாது என்று முடிவு பண்ணி, வாசலை விட்டுவிட்டு அவர் எங்கே வருவார் என்று முன்கூட்டியே குறி வைத்தேன். மூன்று மூன்று. ஆறு ஆறு. அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். ஒன்பது ஒன்பது. கடைசியில் ஒரு படிக்கட்டு. மேலே ஓர் உருவம் தெரிந்தது. சுட்டேன். அது அவர் விட்டுப்போன வால். அவர் எனக்குப் பின்னால் இருந்தார்.

பத்து. அவர் துள்ளி எழுந்தார். ஜெயித்ததற்காக அல்ல.

"நிழலே தெரியல சார். கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஆறிப்போன டீயை நாகலாபுரத்துக்காரர் ஒரே மடக்கில் குடித்தார். எனக்கு அழுகையாக வந்தது. அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினேன். அக்கா அவர் பேரை எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை திருநெல்வேலிக்கு எங்கள் வகுப்பே போனது. நானும் போனேன். போகாமல் இருக்க வீம்பு இருந்தது, வீட்டில் இருக்கத்தான் பொறுமை இல்லை. போட்டி நடக்கிற ஹாலில் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். வரிசை வரிசையாக எல்சிடி. ஒரு பொட்டிகூட இல்லை. அந்தக் காலேஜில் எல்லாவற்றையும் புதுசாக மாற்றியிருந்தார்கள், பிளாஸ்டிக் உறைகூட ஓரங்களில் கிழிக்காமல் இருந்தது.

அவரும் பார்த்தார். ஒரு மானிட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸை அசைத்தார், எழுந்தார். அக்காவிடம் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அக்கா, இந்த மானிட்டர்ல நான் எடுத்தது நாலு. இவிய எடுத்தது ஒம்பது. இவியளே உக்காரட்டும்."

அக்கா அவரை நன்றாகப் பார்த்தாள். "உனக்கு ஆட வேண்டாமாலே?"

"வேணும்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் மானிட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. வேண்டும் என்றால் எப்படி வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

நான் வேண்டாம் என்றேன். நீங்கள் ஜெயித்த இடம், நான் உட்கார மாட்டேன் என்று சண்டைக்கே போனேன். எங்களுடைய கல்லூரியின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருக்கலாம்லா" என்றார்.

பேர்ப் பட்டியலில் அக்கா அவர் பேரை அடித்து என் பேரை எழுதினாள். அவர் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். நான் உட்கார்ந்தேன். மவுஸைப் பிடித்தேன். எதிரில் ஒரு வாசல், அதில் ஓர் உருவம் ஓடியது. நான் அதை விட்டுவிட்டு, அது போய்ச் சேரப்போகிற இடத்தைச் சுட்டேன்.